கயிறு திரிக்கலாம், பிடிப்பது கஷ்டம்

பாறை ஏறுகிறவர்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலண்டரில் வரும், ஷூ விளம்பரத்தில் வரும், 'முயன்றால் முடியும்' என்கிற வாசகத்தோடு மானேஜர் அறைச் சுவரில் கண்டிப்பாகத் தொங்கும். செங்குத்தான பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஓர் ஆசாமி. கீழே அதலபாதாளம். அவர் இடுப்பிலிருந்து ஒரு கயிறு புறப்பட்டு, நெளிந்து நெளிந்து கீழே வந்து, படத்தின் ஓரத்தோடு காணாமல் போய்விடும்.

அந்தக் கயிறு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. மானேஜரும் கேட்டதில்லை.

அதன் மறுமுனையில் இன்னொருத்தர் இருக்கிறார் சார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு விளிம்பில் நின்றுகொண்டு, அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ள, முக்கால் மணி நேரமாகக் கயிறு விட்டுக்கொண்டிருக்கிறார். பசிக்கிறது. குளிர்கிறது. போதாக்குறைக்கு ஒன்றுக்கு வேறு வருகிறது. கையை மட்டும் எடுக்க முடியாது. எடுத்தால், படத்தில் இருப்பவர் படத்தை விட்டே போய்விடலாம்.

இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

இடம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து யோசெமிட்டி பள்ளத்தாக்கு. அங்கே எல் கேப்பிடன் என்று ஒரு பிரம்மாண்டமான கிரானைட் பாறை. அடியிலிருந்து உச்சி வரை சுமார் 2,900 அடி. மாடிக்குப் பத்தடி என்று வைத்துக்கொண்டால் 290 மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது, மாடிப்படியும் கிடையாது. பாறையின் நட்டநடுவே துருத்திக்கொண்டிருக்கும் பகுதி வழியாக ஒரு பாதை. அதற்குப் பெயர் 'தி நோஸ்'. மூக்கு. உலகத்திலேயே பிரபலமான பாறைப் பாதை எது என்று ஏறுகிறவர்களைக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் மூக்கைத்தான் தொட்டுக் காட்டுவார்கள்.

இந்த மூக்கை ஒரே நாளில் ஏறி முடிப்பது என்பது அங்கே பல பேருக்கு வாழ்நாள் லட்சியம். சாதாரணமாக மூன்று, நாலு, ஐந்து நாள் ஆகும். ஏன் அவ்வளவு ஆகிறது, அதை எப்படி ஒரு நாளுக்குள் சுருக்கினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், அடியில் நம் கயிறு பிடிப்பவர் கதை இருக்கிறது.

முதலில் 'பிட்ச்'. கிரிக்கெட்டில் 22 கெஜம். பாறையில் ஒரு கயிற்று நீளத்துக்குள் அடங்குகிற தூரம். கயிறு 60 மீட்டர் என்றால் பிட்ச் அதற்குள் முடிந்தாக வேண்டும். நிற்க ஒரு விளிம்பு, நங்கூரம் போட ஒரு நல்ல விரிசல், இரண்டும் எங்கே வாய்க்கிறதோ அங்கே. நோஸில் இந்த மாதிரி சுமார் 31 பிட்ச்.

இரண்டு பேர். கயிற்றின் ஒரு நுனி உங்கள் இடுப்பில், இன்னொன்று நண்பர் இடுப்பில். நண்பர் தன்னைப் பாறையோடு கட்டிக்கொண்டு கயிறு விடுகிறார். நீங்கள் ஏறுகிறீர்கள். பத்துப் பதினைந்து அடிக்கு ஒருதரம் விரிசலில் ஓர் உலோகச் சாமானைச் செருகி, அதன் கொக்கியில் கயிற்றை மாட்டிவிட்டு மேலே போகிறீர்கள். (அந்தச் சாமானில் ஸ்ப்ரிங் வைத்த ஒரு வகை உண்டு. விரிசலுக்குள் போய் விரிந்து இறுக்கிக்கொள்ளும். ரே ஜார்டின் என்கிற எஞ்சினியர் கண்டுபிடித்து, 1978-ல் 'ஃப்ரெண்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இழுத்தால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பெயர் பொருத்தம்தான்.)

நிறையப் பேர், கயிறு மேலேயிருந்து தொங்குகிறது, அதைப் பிடித்து ஏறுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். மேலே யார் போய்க் கட்டினார்களாம்? கயிறு கீழேயிருந்து உங்கள் கூடவே வருகிறது. கடைசிக் கொக்கிக்குப் பத்தடி மேலே இருக்கும்போது கை நழுவினால், பத்தடியோடு நிற்காது. கொக்கியைத் தாண்டி இன்னொரு பத்தடி. ஆக இருபது. கயிறு இழுபடுவது தனி.

பிட்ச் முடிந்ததும் உத்தியோகம் மாறுகிறது. நீங்கள் மேலே நங்கூரம் போட்டுக் கயிறு இழுக்க, நண்பர் நீங்கள் செருகியதையெல்லாம் பிடுங்கிக்கொண்டே வந்து சேருகிறார். அவ்வளவுதான். திரும்ப அடுத்த பிட்ச். முப்பத்தொரு தடவை.

முன்னால் போகிறவருக்கு நாற்பது நிமிஷம், நங்கூரத்துக்குப் பத்து, பின்னால் வருகிறவருக்கு இருபத்தைந்து, சாமான் கைமாற ஐந்து என்று தாராளமில்லாமல் கணக்குப் போட்டாலும் பிட்ச்சுக்கு எண்பது நிமிஷம். 31 பிட்ச்சுக்கு நாற்பத்தொரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதில் தூக்கம், சாப்பாடு சேர்த்தியில்லை. எப்போது பார்த்தாலும் இரண்டு பேரில் ஒருத்தர்தான் ஏறுகிறார், இன்னொருத்தர் கயிற்றோடு சும்மா நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள். பாறை ஏறப் போனேன் என்று சொல்கிற யாரும் அங்கே பாதி நாள்தான் ஏறினார்.

நாள் கூடினால் மூட்டை கூடும். தண்ணீர் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நாலு லிட்டர். படுக்கை, சாப்பாடு, குளிருக்குச் சட்டை எல்லாம் ஒரு பெரிய பையில் திணித்து, ஒவ்வொரு பிட்ச்சுக்கும் கயிறு கட்டி இழுக்கவேண்டும். அது பாறையில் மாட்டி மாட்டி அடம் பிடிப்பதால் அதற்குச் செல்லமாக 'பன்றி' என்று பெயர். காலைக்கடன்? கழித்ததைக் குழாயில் அடைத்துக் கூடவே எடுத்துப் போகவேண்டும். பார்க் சட்டம். ஒரே நாளில் ஏறவேண்டும் என்கிற லட்சியம் சிலருக்கு இந்த இடத்தில்தான் பிறந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சரி, கயிறு பிடிப்பதில் என்ன பெரிய கஷ்டம்?

அவர் இடுப்பில் உள்ளங்கையில் அடங்குகிற ஓர் உலோகக் கருவி இருக்கிறது. கயிறு அதற்குள் வளைந்து போகிறது. ஒரு கை கயிற்றை மேலே ஊட்டும்; இன்னொரு கை பிரேக். பிரேக் கை கயிற்றை விட்டு ஒரு வினாடிகூட விலகக்கூடாது. அதிகமாக விட்டால் மேலே இருப்பவர் கூடுதலாக விழுவார். இறுக்கிப் பிடித்தால் அவர் கையை நீட்டும் நேரம் பார்த்துப் பின்னால் இழுபட்டு, அதனாலேயே விழுவார். அவர் மூச்சு வாங்குகிறதா, முழங்கால் நடுங்குகிறதா, கொக்கியில் மாட்டக் கயிறு கேட்கிறாரா என்று ஆளைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பாறை வளைந்து ஆள் மறைந்துவிட்டால் கயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு விசித்திரமான பௌதிகம் உண்டு. இருபதடி விழுவது எப்போதும் ஒரே மாதிரி இருபதடி இல்லை. நூறு அடிக் கயிறு வெளியே போயிருக்கும்போது இருபதடி விழுந்தால், அத்தனை கயிறும் ரப்பர் மாதிரி இழுபட்டு, மெத்தையில் விழுகிற மாதிரி. அதே இருபதடி, பிட்ச்சின் ஆரம்பத்தில், எதையும் செருகாமல் பத்தடி ஏறிவிட்டு விழுந்தால் கயிறு பிடிப்பவரையும் தாண்டிப் போய், இழுபடக் கயிறே இல்லாமல், இருக்கிற அதிர்ச்சி முழுக்க ஆள் மேலும் நங்கூரத்தின் மேலும் இறங்கும். கயிற்றுக்கான சர்வதேசத் தரப் பரீட்சை கிட்டத்தட்ட இந்த நிலைமைக்குத்தான். 80 கிலோ எடையைக் கட்டி விழவைத்து, ஒற்றைக் கயிறு என்றால் ஐந்து தடவையாவது அறாமல் தாங்கவேண்டும். நைலான் வருவதற்கு முன் சணல் கயிறு காலத்தில் ஒரே பாதுகாப்பு விதிதான் இருந்தது: முன்னால் போகிறவர் விழக்கூடாது. நல்ல விதி. விழுகிறவர்களுக்குத்தான் அது ஞாபகம் இருப்பதில்லை.

அப்புறம் முடிச்சு. லின் ஹில் என்று ஓர் அமெரிக்கப் பெண். போட்டிகளில் உலகப் புகழ். 1989-ல் பிரான்ஸில் பூ என்கிற இடத்தில், அவருக்குச் சர்வ சாதாரணமான ஒரு பாறை. இடுப்பு வாரில் கயிற்றைக் கோத்தவர், ஏதோ பேச்சில் கவனம் திரும்பி, முடிச்சைப் போட்டு முடிக்கவில்லை. மேலே ஏறி முடித்து, கீழே இறக்கிவிடச் சொல்லிச் சாய்ந்தார். கயிறு உருவிக்கொண்டு போய்விட்டது. எழுபது எண்பது அடி. ஒரு மரத்தில் விழுந்ததால் கை மூட்டு நழுவி, கால் எலும்பு உடைந்ததோடு பிழைத்தார்.

உலக சாம்பியனுக்கே இப்படி என்பதால்தான், புறப்படுமுன் என் முடிச்சை நீ பார், உன் கருவியை நான் பார்க்கிறேன் என்று ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்ப்பது இந்த உலகத்தில் ஒரு சடங்கு. பத்து வருஷ சிநேகிதராக இருந்தாலும் உண்டு. 'என்ன, என் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நம் ஆபீஸ்களில் கணக்கைச் சரிபார்க்கிறவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம், வேண்டாம்.

மூக்குக்கு வருவோம். முதன்முதலில் ஏறியவர் வாரன் ஹார்டிங். நிலம் அளக்கும் சர்வேயர் உத்தியோகம், வாரக் கடைசியில் பாறை. 1957 ஜூலையில் மார்க் பவல், பில் ஃபியூரர் என்ற இரண்டு பேரோடு ஆரம்பித்தார். கீழே புல்வெளிச் சாலையில் வேடிக்கை பார்க்கிறவர்கள் காரை நிறுத்தி டிராஃபிக் ஜாம். பார்க் அதிகாரிகள் கடுப்பாகி, சுற்றுலா சீசன் முடியும்வரை பாறையில் கைவைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இடையில் அகலமான ஒரு நீண்ட விரிசல் வந்தது. அதற்குப் பொருந்தும் ஆணி எந்தக் கடையிலும் இல்லை. ஒரு நண்பர் குப்பை மேட்டில் கிடந்த பழைய அடுப்பின் கால்களைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அளவு கச்சிதம். அந்த அடுப்புக் காலை அடித்து அடித்துத்தான் ஏறினார்கள். இன்றைக்கும் அந்த இடத்துக்குப் பெயர் 'ஸ்டவ்லெக் கிராக்ஸ்', அடுப்புக்கால் விரிசல். நாம் பழைய பேப்பர்காரரிடம் என்னென்ன போட்டோமோ.

பவல் வேறொரு பாறையில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஃபியூரரும் விலகினார். ஹார்டிங் விடவில்லை. கிடைத்த ஆளையெல்லாம் கயிற்றின் மறுமுனையில் கட்டினார். கடைசியில் வேய்ன் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் என்று இரண்டு பேர் கிடைத்தார்கள். விட்மோர் ஒரு பார்மஸிஸ்ட். மூட்டை சுமக்கிற வேலையில் பெரும்பகுதி அவர் தலையில். 1958 நவம்பரில் கடைசிக் கட்டமாக 12 நாள் தொடர்ந்து பாறையிலேயே இருந்தார்கள். கடைசி ராத்திரி, வெளியே சாய்ந்து நிற்கும் சுவரில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஹார்டிங் விடிய விடியக் கையால் துளை போட்டு 28 போல்ட் அடித்தார். நவம்பர் 12 காலையில் உச்சி. சுமார் பதினாறு மாதத்தில், எண்ணுகிறவரைப் பொறுத்து 45 அல்லது 47 நாள் வேலை. 125 போல்ட், 675 ஆணி.

அந்த ராத்திரி என்றதும் எல்லோரும் சுத்தியல் பிடித்தவரைத்தான் சொல்கிறார்கள். டொக், டொக் என்று விடிய விடிய மேலே சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கீழே கயிற்றில் தொங்கிக்கொண்டு, கிரானைட் தூள் தலையில் விழ, தூங்கவும் முடியாமல் இருந்தவர்களுக்கு ஒரு சிலையும் வைக்கவில்லை. விட்மோர் 2021 ஜனவரி 1 அன்று, 89 வயதில், கோவிட்டில் காலமானார். மூன்று பேரில் கடைசியாகப் போனவர் அவர்தான்.

இரண்டு வருஷத்தில், 1960-ல், ராயல் ராபின்ஸும் மூன்று சிநேகிதர்களும் அதே மூக்கைத் தொடர்ந்து ஏழு நாளில் ஏறினார்கள். 1975-ல் ஜிம் பிரிட்வெல், ஜான் லாங், பில்லி வெஸ்ட்பே மூன்று பேரும் விடியுமுன் ஆரம்பித்து, சுமார் 15 மணி நேரத்தில் உச்சியில் நின்றார்கள். முதன்முதலாக ஒரே நாள்!

எப்படி? வேகமாக ஏறினார்கள் என்று சொல்லிவிடலாம். அது பாதி. கயிறு பிடித்துக் காத்திருக்கும் நேரத்தைத்தான் வெட்டினார்கள். பிட்ச்சுக்குப் பிட்ச் ஆள் மாறாமல், கீழ்ப் பகுதி முழுக்க லாங், நடுப் பகுதி வெஸ்ட்பே, மேல் பகுதி பிரிட்வெல் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். சாமான் கைமாற்றும் நேரம் மிச்சம். பின்னால் வருகிறவர் பாறையில் ஏறவில்லை. கயிற்றையே பிடித்து, அதில் ஜூமார் என்கிற கவ்விகளைப் போட்டு விறுவிறு என்று வந்தார். அந்த மூன்று பேரும் எல் கேப்பிடன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் ரொம்பப் பிரபலம். தலைப்பட்டை, பூப்போட்ட சட்டை, ராக் பாண்டு ஆசாமிகள் மாதிரி. அந்தப் படத்தில் மூன்று பேரும் இருக்கிறார்கள். கயிறுதான் இல்லை.

பாதி வழியில் 'கிங் ஸ்விங்' என்று ஒரு வேடிக்கை இருக்கிறது. பூட்ஸ் வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைச் சில்லு வரை போனதும் விரிசல் முடிந்துவிடும். அடுத்த விரிசல் பக்கவாட்டில் தூரத்தில். நடுவில் வழவழவென்று சுவர். என்ன செய்வார்கள்? முன்னால் போனவரைக் கயிறு பிடிப்பவர் நிறையக் கீழே இறக்கிவிடுவார். அவர் ஆயிரம் அடிக்கு மேல் உயரத்தில், சுவர்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடி, கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடி, எட்டிப் பிடிப்பார். பிடிக்காவிட்டால் திரும்ப ஆடவேண்டும். கயிறு கொஞ்சம் நீளமாக விட்டாலும் எட்டாது, குறைவாக விட்டாலும் எட்டாது. ஆடுகிறவருக்குக் கைதட்டல், அளவு விட்டவருக்கு 'இன்னும் கொஞ்சம் இறக்குடா!' என்று திட்டு.

மரத்தில் விழுந்து பிழைத்த லின் ஹில் 1993-ல் இங்கே வந்தார். ஆணியையோ கயிற்றையோ பிடித்துத் தொங்காமல், வெறும் கை காலால் மூக்கு முழுவதையும் ஏற முடியாது என்று ஆண்கள் கிட்டத்தட்டத் தீர்மானித்திருந்த சமயம். ஐந்தடியும் ஒன்றிரண்டு அங்குலமும்தான் உயரம். அவருடைய மெல்லிய விரல் நுழைகிற விரிசலில் மற்றவர்களுக்கு நகம்தான் நுழையும். நாலு நாளில் ஏறிவிட்டு, போகலாம், பசங்களா என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். 1994 செப்டம்பரில் அதையே ஒரே நாளில் செய்தார். ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கி, 23 மணி நேரம். அவருக்கு அடுத்தபடியாக ஒரே நாளில் அப்படி ஏறியவர் டாமி கால்ட்வெல், 2005-ல்.

அந்த 23 மணி நேரமும் லின் ஹில்லுக்குக் கயிறு பிடித்தவர் ஸ்டீவ் சட்டன். அத்தனை பிட்ச்சும் அவர்தான். ஒன்றில்கூட முன்னால் போகும் முறை அவருக்கு வரவில்லை. முன்தினம் ராத்திரி ஆரம்பித்து மறுநாள் ராத்திரி வரை கயிறு விட்டு, கவ்வி போட்டு ஏறி, நங்கூரத்தில் நின்று, திரும்பக் கயிறு விட்டு... பிட்ச் முடியும் இடத்தில் அவர் கொஞ்சம் கண் அசந்திருந்தால் இன்றைக்கு லின் ஹில் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். பெயரைக் கேட்டதுண்டா? அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் வந்தது கடிகாரப் பைத்தியம். 15 மணி நேரம் பத்தாகி, ஐந்தாகி, மூன்றுக்குக் கீழே போனது. 2018 ஜூன் 6 அன்று அலெக்ஸ் ஹானல்டும் கால்ட்வெல்லும் ஒரு மணி 58 நிமிஷம் 7 வினாடியில் உச்சி மரத்தைத் தொட்டார்கள். 2,900 அடி! சில ஆபீஸ்களில் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வருவதற்குள். ஹானல்ட் முந்தின வருஷம் இதே பாறையை வேறு பாதையில் கயிறே இல்லாமல் ஏறியவர். கால்ட்வெல்லுக்கு இடது கை ஆள்காட்டி விரல் கிடையாது. 2001-ல் ரம்பத்தில் போய்விட்டது. இரண்டு பேரும் அசகாய சூரர்கள். சந்தேகமே இல்லை.

ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் 31 தடவை நின்று கயிறு பிடிக்க முடியாது. எனவே நிற்பதையே எடுத்துவிட்டார்கள். நடுவில் கயிறு, இரண்டு முனையிலும் இரண்டு பேர், இருவரும் ஒரே சமயத்தில் ஏறுகிறார்கள். இருவருக்கும் நடுவே கயிற்றில் மாட்டிய கொக்கிகள் சிலதான் பாதுகாப்பு. கயிறு ஒரு பக்கமாகவே ஓடும்படி பல் வைத்த சின்னக் கப்பிகளை அங்கங்கே மாட்டிக்கொண்டால், கீழே இருப்பவர் விழும்போது மேலே இருப்பவரை இழுக்காது. ஓரளவுக்கு. அந்தப் பயிற்சியில் கால்ட்வெல் ஒருதரம் நூறடி போல விழுந்தார். கையில் யாரும் கயிறு பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு விலை இந்த மாதிரி.

அதோடு போகவில்லை. 2017 அக்டோபரில், வேகமாக மூக்கு ஏறிக்கொண்டிருந்த தேர்ந்த ஒரு பெண், அந்த பூட்ஸ் சில்லில் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 2018 மே மாதம், மூக்கில் நூறு தடவைக்கு மேல் ஏறிய, பழைய ரெக்கார்டுகளுக்குச் சொந்தக்காரரான ஹான்ஸ் ஃப்ளோரின் விழுந்து இரண்டு காலிலும் எலும்பு முறிந்தது. ஹானல்டும் கால்ட்வெல்லும் மே 30 அன்று ஒரு ரெக்கார்டு வைத்தார்கள். ஜூன் 4-ல் இன்னொன்று. நடுவில், ஜூன் 2 சனிக்கிழமை காலை, அதே எல் கேப்பிடனில் பக்கத்துப் பாதையில், நல்ல அனுபவமுள்ள இரண்டு சிநேகிதர்கள் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு வேகமாகப் போனவர்கள், சேர்ந்தே விழுந்து இறந்தார்கள்.

ரெக்கார்டு வைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. என் சொந்த ஓட்டு மட்டும் அடுப்புக்கால் ஹார்டிங்குக்கும், கண் விழித்த சட்டனுக்கும். இரண்டு மணி நேரத்தில் முடிந்த ஏற்றத்தில் இரண்டு பேரும் ஏறினார்கள், சரி. யாரும் யாருக்காகவும் நிற்கவில்லையே.

உச்சியில் அந்த மரத்தைத் தொட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. இறங்கவேண்டும். கிழக்கே விளிம்பு விளிம்பாக நடந்து, நடுவில் சில இடங்களில் கயிற்றில் இறங்கி, தளர்ந்த காலோடு இரண்டு மூன்று மணி நேரம். எச்சரிக்கை குறைகிற நேரம் இது. 2017-ல் 2 மணி 19 நிமிஷத்தில் மூக்கு ஏறி ரெக்கார்டு வைத்த பிராட் காப்ரைட், 2019 நவம்பரில் மெக்ஸிகோவில் ஒரு பாறையை ஏறி முடித்து இறங்கும்போதுதான் இறந்தார். இரண்டு பேர் கயிற்றின் இரண்டு பக்கத்தில் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். கயிற்றின் நடு சரியாக நடுவில் இல்லை. நுனியில் முடிச்சு இல்லை. ஒரு பக்கத்து நுனி கருவியை விட்டு நழுவிப் போயிற்று. ஒரு சின்ன முடிச்சு, பத்து வினாடி வேலை.

அதனால் சாதாரணமாக ஏறுகிறவர்கள், அதாவது ரெக்கார்டு கிக்கார்டு எதுவும் இல்லாமல் லீவு போட்டுவிட்டு வருகிற இஞ்சினியர், நர்ஸ், வாத்தியார் கோஷ்டி, ஒரே நாளில் மூக்கு ஏறக் கிளம்பினால் ராத்திரி இரண்டு மூன்று மணிக்கே அடிவாரத்தில் இருப்பார்கள். புல்வெளியில் நின்று பார்த்தால் இருட்டில் பாறைமேல் நெற்றி விளக்குகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஜோடி ஜோடியாக. ஒரு விளக்கு நகரும், ஒரு விளக்கு நகராது. கொஞ்ச நேரம் கழித்து நகராத விளக்கு நகரும், நகர்ந்தது நிற்கும். அப்படியே போனால் அதிர்ஷ்டம் இருந்தால் மறுபடி இருட்டுவதற்குள் உச்சி. இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு ராத்திரி.

மறுநாள் முகாமில் டீ குடித்துக்கொண்டே முன்னால் போனவர் கயிறு திரிப்பார். "மேலே அந்த இடத்திலே வழுக்கிடுச்சு பாரு, முப்பதடி விழுந்தேன்..." சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். மூலையில் ஒருத்தர், உள்ளங்கையில் கயிறு உரசிய கன்றலுக்கு மருந்து தடவிக்கொண்டு, "எட்டடி" என்பார்.

அவருக்குத் தெரியும். அவர் கை வழியாகத்தானே போயிற்று. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கயிற்றைச் சுருட்டுகிற வேலை வேறு பாக்கி இருக்கும். அதுவும் அவர் தலையில்தான்.